டிஸ்க்கைக் கழற்றிய பிறகு

சனிக்கிழமை காலை லாரி வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள், விஜயதசமி வெள்ளிக்கிழமை, நான் அமைத்திருந்த புது முறையில் முப்பது கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடினால் லாரி வேண்டாம். ஓடாவிட்டால் மேஜை நாற்காலி உட்பட எல்லாவற்றையும் ஏற்றித் திருமுடிவாக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவது என்று எங்கள் எம்.டி. முடிவு செய்திருந்தார். அங்கே தொழிற்பேட்டையில் அவருடைய மச்சினருக்கு ஒரு ஷெட் இருந்தது. ஷெட்டுக்குப் பெரிய ஜெனரேட்டர் இருந்தது. எங்களுக்கு மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு ஒரு முதல் மாடியும், உயிரை வாங்கும் மின்வெட்டும், பாட்டரி செத்துப்போன யுபிஎஸ்ஸும் இருந்தன.

டேட்டா என்ட்ரி ஆபீஸ் அது. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் காகிதங்கள் ஸ்கேன் ஆகி வரும். திரையின் இடது பக்கம் காகிதம், வலது பக்கம் கட்டங்கள். பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். அடித்தவர்கள் எல்லோரும் பெண்கள். பொழிச்சலூர், சேலையூர், பெருங்களத்தூர் என்று பக்கத்திலிருந்து வந்தார்கள். ஒரு பஸ் ஏறினால் ஆபீஸ், பாதிப் பேருக்கு அதுகூட வேண்டாம், நடைதான். திருமுடிவாக்கம் என்றால் பஸ் மாறிப்போய், மெயின் ரோட்டில் இறங்கி, கம்பி ஏற்றிய லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். சாயங்கால ஷிப்ட் முடிந்து அந்த வழியாக யார் திரும்பி வருவார்கள்? வேலையை விட்டுவிடுவோம் என்று பாதிப் பேர் எங்கள் டீம் லீடர் அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்கும் அதே அர்த்தம்தான்.

அக்காவின் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துத் தெருவில் வீடு. “கூப்பிடு தூரத்துல இருக்கறதால போ” என்று மாமியார் விட்டு வைத்திருந்தார். அந்த விஜயதசமியன்றுதான் ஆபீசுக்குப் பின்னால் இருந்த நர்சரியில் மகளைச் சேர்க்க நாள் குறித்திருந்தாள். ஆபீஸ் இடம் மாறினால் வேலையும் போகும், அந்தச் சம்பளத்தை நம்பிய நர்சரியும் போகும். “அப்புறம் நானும் என் மாமியாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்” என்று சிரித்தபடி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீசில் என்னை “சிஸ்டம்ஸ் பொண்ணு” என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள்.

இவ்வளவுக்கும் காரணம் மின்வெட்டு. கரண்ட் போகும்; யுபிஎஸ் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டுக் கையை விரிக்கும்; முப்பது கம்ப்யூட்டரும் படாரென்று அணையும். கரண்ட் வந்ததும் நான்கைந்து எழுந்திருக்காது. ஹார்ட் டிஸ்க் கெட்டிருக்கும், அல்லது அதில் இருந்த ஏதாவது ஒரு கோப்பு சிதைந்திருக்கும். நான் சி.டி.யை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக மண்டியிட்டுக்கொண்டு போவேன். அரை நாள் வேலை போய்விடும். வேலை கொடுக்கும் கம்பெனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இதைச் சரிசெய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் இருக்கிற இடத்துக்குப் போங்கள்” என்று எழுதிவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் அம்மா சொல்வார். டிஸ்க்தானே தகராறு, டிஸ்க்கே இல்லாவிட்டால் என்ன என்று அந்தக் கோபத்தில்தான் தோன்றியது. சர்வர் ஒன்றுக்கு மட்டும் நல்ல பாட்டரி போடுவது. மற்ற கம்ப்யூட்டர்கள் எழுந்ததும் நெட்வொர்க் வழியாக சர்வரிடமிருந்து மொத்தச் சிஸ்டத்தையும் வாங்கித் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓட வேண்டியது. அணைந்தால் அணையட்டும், உள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை. மறுபடி எழுந்து மறுபடி வாங்கிக்கொள்ளும்.

முதலில் பழைய முறையில் முயன்றேன். அதில் சர்வர் ரேஷன் கடைக்காரர் மாதிரி. ஒரு பிடி போடும், “வந்துதா?” என்று கேட்கும், பதில் வந்த பிறகுதான் அடுத்த பிடி. ஒரு கம்ப்யூட்டர் என்றால் சரி. முப்பதும் சேர்ந்து கேட்டால் பாதி வழியில் நின்றுவிடும். பிறகுதான் அந்தச் சின்ன நிரல் கண்ணில் பட்டது. பழைய முறையில் அந்த நிரலை மட்டும் கொடுத்துவிட்டால் போதும். அது எழுந்து, வெப்சைட்டைத் திறப்பது போலவே எச்.டி.டி.பி. மூலம் மிச்சத்தை எல்லாம் சர்வரிடமிருந்து இழுத்துக்கொள்ளும். மூட்டையை அப்படியே கொட்டும் வேகம். முதல் கம்ப்யூட்டர் அப்படி எழுந்தபோது நான் போட்ட கூச்சலில் அக்கா அடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

முப்பது டிஸ்க்கையும் கழற்றினேன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக் கை காய்த்துவிட்டது. கழற்றியதை எம்.டி. தன் மச்சினர் மூலம் விற்றுவிட்டார். திரும்பிப் போக வழி கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆயுத பூஜையன்று காலையில் முப்பதையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். முப்பதும் எழுந்தன. அணைத்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டரைப் போடக் கூடாது; மறுநாள் நல்ல நேரத்தில் போட்டு, மறுபூஜை செய்த பிறகுதான் பூவையும் மாலையையும் எடுக்க வேண்டும். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீசைக் கழுவினார்கள். கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டியதில் ஒரு வருஷத்து முறுக்கு உதிர்ந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். சர்வருக்கு மட்டும் பெரிய பொட்டு. எல்லா ஒயரும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் சர்வருக்கு மேலே சுவரில் இருந்தது, அதற்குத் தன் கையால் போடவென்று எம்.டி. கெட்டிச் சாமந்தி மாலை வாங்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டிலும் பூஜை இருந்ததால் தீபாராதனைக்கு முன்பே பொரியை வாங்கிக்கொண்டு வண்டலூருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். எம்.டி. வேட்டி கட்டியிருந்தார். ஒன்பதேகாலுக்கு மேல் நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட வேண்டும். வேலை கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பல்லாவரத்தில் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். பத்து மணி வாக்கில் எட்டிப்பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நான் சர்வரைப் போட்டேன். எம்.டி. முதல் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, கண்ணை மூடி, பட்டனை அமுக்கினார்.

நெட்வொர்க்கில் எழுந்திருக்கும் கம்ப்யூட்டர் முதலில் “என் முகவரி என்ன, யாராவது சொல்லுங்கள்” என்று கத்தும். சர்வர் பதில் சொன்னால்தான் மேற்கொண்டு எதுவும். அப்படிக் கத்துவதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு புள்ளி வரும். வந்தது. இன்னொன்று வந்தது. வழக்கமாக இரண்டாவது புள்ளிக்குள் பதில் வந்துவிடும். அன்று புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில், பதில் இல்லை என்று ஒரு வரி.

“அடுத்ததைப் போடுங்க” என்றேன். அடுத்ததும் அதே. எல்லாவற்றையும் போடச் சொன்னேன். முப்பது திரையிலும் புள்ளிகள் வரிசை வரிசையாக வந்து, முப்பதிலும் பதில் இல்லை என்றது.

“என்னம்மா இது?” என்றார் எம்.டி.

“ஒரு நிமிஷம் சார்.”

“நேத்து ஓடிச்சுன்னியே?”

“ஓடிச்சு சார். ஒரு நிமிஷம்.”

சர்வரை அணைத்துப் போட்டேன். முகவரி கொடுக்கும் நிரல் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்தேன். நேற்று இருந்த அதே வரிகள். பட்டுப்புடவைகள் பின்னால் சரசரத்தன.

ஸ்விட்சை விலக்கிவிட்டு சர்வரையும் ஒரு கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கென்றே நான் ஒரு நீண்ட நீல ஒயர் வைத்திருந்தேன். ஒரு முனை எப்போதும் ஸ்விட்சில் இருக்கும், மறு முனை சுவரில் தொங்கும். என் லேப்டாப்பைச் செருகிச் சோதிக்க வசதி. அன்று அது தொங்கவில்லை. யார் எடுத்துத் தொலைத்தார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து வேறு ஒயரை எடுத்துச் செருகினேன்.

கம்ப்யூட்டர் உடனே எழுந்தது. இரண்டாவது புள்ளிக்குள் முகவரி, அடுத்தாற்போல் மொத்தச் சிஸ்டமும்.

“வந்துடுச்சு!” என்றாள் அக்கா.

“சர்வர்ல தப்பில்ல. ஸ்விட்ச்லதான் ஏதோ இருக்கு” என்றேன். கழுவும்போது தண்ணீர் பட்டிருக்குமோ, போன கரண்ட் திரும்பி வந்தபோது கருகியிருக்குமோ? விஜயதசமி காலையில் தாம்பரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஸ்விட்ச் முழுக்கப் பூவுக்குள் இருந்தது. மாலையில் கை வைத்தேன்.

“மாலையத் தொடாத!” எம்.டி. கத்திய கத்தலில் கையை இழுத்துக்கொண்டேன். “மறுபூஜை ஆகல. பூஜை பண்ணி வச்சதைக் கலைக்கக் கூடாது.”

“சரி சார், மறுபூஜை பண்ணிடுங்க.”

“மெஷின் எல்லாம் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் கற்பூரம் காட்டணும்.”

“மாலையக் கழட்டினாத்தான் சார் மெஷினே ஓடும்.”

“கழட்டினா தெய்வக் குத்தம்மா. வேற வழி பாரு.”

எனக்கு நாக்கில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றோடு என் வேலை முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கீழே வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். மேனேஜர் படியேறி வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கையில் மாமியார் வீட்டுச் சுண்டல் பொட்டலம்கூட இருந்தது. திரைகளை வரிசையாகப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பதில் இல்லை என்றே இருந்தது.

“என்ன, ஸ்டார்ட் ஆகலையா?” என்றார்.

“இதோ, ரெண்டே நிமிஷம் சார்” என்றார் எம்.டி. அவருடைய பார்வை சுவர்க் கடிகாரத்துக்கு ஓடியது. பத்து தாண்டிவிட்டது.

அப்போது கற்பூர வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால், அக்கா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு நிற்கிறாள். யாரையும் கேட்கவில்லை. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மூன்று சுற்றுச் சுற்றினாள். எம்.டி.யிடம் தட்டை நீட்டினாள். கற்பூரத்தை நீட்டினால் யார்தான் ஒற்றிக்கொள்ள மாட்டார்கள்? அவரும் ஒற்றிக்கொண்டார், மேனேஜரும் ஒற்றிக்கொண்டார்.

“மறுபூஜை ஆயிடுச்சு சார். இப்போ கழட்டலாமில்ல?” என்றாள்.

எம்.டி. வாயைத் திறப்பதற்குள் நான் மாலையைக் கழற்றிவிட்டேன்.

உள்ளே ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, பேய் பிடித்த மாதிரி, துடித்துக்கொண்டிருந்தன. இந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். என் நீல ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு முனை அதன் வழக்கமான இடத்தில் இருந்தது. ஒயர் அழகாகச் சுருட்டப்பட்டுப் பூ நாரால் கட்டப்பட்டிருந்தது. மறு முனை, அதே ஸ்விட்சில், காலியாக இருந்த கடைசி ஓட்டையில் செருகப்பட்டிருந்தது. அந்த முனை முழுக்கச் சந்தனம்.

ஸ்விட்சிலிருந்து கிளம்பி ஸ்விட்சுக்கே திரும்பும் ஒயர். ஒரு கம்ப்யூட்டர் முகவரி கேட்டுக் கத்தினால் அந்தக் கத்தல் அதன் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். முப்பதும் கத்தினால் அந்த இரைச்சலில் சர்வரின் பதில் யார் காதிலும் விழாது. சுத்தமான ஆபீஸில், தொங்குகிற ஒயர் கண்ணை உறுத்தி, யாரோ நல்ல எண்ணத்தோடு எடுத்துச் சொருகியிருக்கிறார்கள்.

அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். மூச்சை இழுத்தது கேட்டது. என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்: “ஐயோ, சார்தான் சொருகினாரு. நேத்து மாலை போட்டப்போ. தொங்கினா நல்லா இல்லன்னு, என் கண்ணெதிர்ல. அதனாலயா இப்படி?”

நான் தலையாட்டினேன்.

“என்ன, கண்டுபிடிச்சாச்சா?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். யாரோ தொங்கற ஒயரைத் திருப்பி ஸ்விட்ச்லயே சொருகிட்டாங்க” என்றேன். முனையைப் பிடுங்கினேன். விளக்குகள் சட்டென்று அடங்கி, ஒவ்வொன்றாக நிதானமாகச் சிமிட்டின.

“யாரு?” எம்.டி.யின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. மேனேஜர் முன்னால் பட்ட அவமானம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. “எந்த முட்டாள் அதைச் சொருகினது? யாருன்னு கேக்கறேன்!”

நான் திரும்பினேன். என் கையில் நீல ஒயர். அதன் முனையில் காய்ந்த சந்தனம். அவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன், சொல்லியே தீருவது என்று. என் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது.

“நான்தான் சார்” என்றாள் அக்கா. “சுத்தம் பண்றப்போ தெரியாம சொருகிட்டேன்.”

அவர் ஒரு கணம் சும்மா இருந்தார். “இல்லம்மா, நான்தான்” என்று சொல்ல அந்த ஒரு கணம் போதும். முப்பது பேரும் மேனேஜரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“படிச்சவதானே நீ?” என்று ஆரம்பித்தார். “தெரியாததுல ஏன் கை வைக்கறே? உன்ன நம்பி டீமைக் கொடுத்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும். ஒரு ஒயரால ஆபீஸ் மானமே போச்சு.” இன்னும் நிறைய. அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சாரி சார், சாரி சார்” என்று நின்றாள். கற்பூரம் அணைந்து கருகியிருந்தது. எனக்கு அந்த ஒயரை அவர் கழுத்தில் சுற்றலாம் போல இருந்தது.

“சரி விடுங்க சார், தெரியாமப் பண்ணிட்டாங்க” என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். “போடு, போடு! ராகு காலம் வந்துடும்!”

நேரடியாக இணைத்திருந்த ஒயரை எடுத்துவிட்டு, சர்வரையும் அந்தக் கம்ப்யூட்டரையும் பழையபடி ஸ்விட்சோடு இணைத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினார்கள். நான் சர்வர் திரை முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எச்.டி.டி.பி.யில் கேட்க வரும்போது அங்கே ஒரு வரி விழும். ஒன்று விழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு படிக்க முடியாத வேகத்தில் வரிகள் ஓடின. எந்த இடத்திலும் நிற்கவில்லை. பின்னால் ஒவ்வொரு மேஜையாக “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று குரல்கள் கேட்டன. கடைசி மேஜையிலிருந்தும் கேட்டது. கடிகாரம் பத்தரையைத் தொடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

மேனேஜர் சுண்டலைக் கொறித்துக்கொண்டே சுற்றி வந்தார். “சரி, இப்போ கரண்ட் போனா?” என்றார். “போக வச்சுக் காட்டுங்க.”

எம்.டி. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் ஆரம்பமாகிவிட்டது. “இப்போ வேண்டாமே சார். கொஞ்ச நேரம் கழிச்சு…” என்று இழுத்தார்.

“கரண்ட் நேரம் பார்த்தா போகுது?” என்றார் மேனேஜர்.

நானே போய் மெயினை இறக்கினேன். முப்பது திரையும் இருண்டன. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. பத்து எண்ணிவிட்டு ஏற்றினேன். எம்.டி. உதட்டுக்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். புள்ளி, புள்ளி, பிறகு முகவரி. சர்வர் திரையில் மறுபடி வரிகள் ஓடின. டீ ஆறுவதற்குள் முப்பதும் திரும்ப வந்துவிட்டன. மண்டியிட வேண்டியிருக்கவில்லை, சி.டி. தேட வேண்டியிருக்கவில்லை.

“இது போதும். இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பிப் போனார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் நான் எம்.டி.யின் அறைக்குள் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் போனில் இருந்தார். “லாரி வேணாம்பா… ஆமா, கான்சல்… இல்ல, எப்பவுமே வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த பொரியை ஒதுக்கினார்.

“அந்தப் பொண்ணு, குழந்தைய ஸ்கூல்ல சேக்கணும்னு சொல்லிட்டிருந்துதே. ராகு காலம் முடிஞ்சதும் போகச் சொல்லு. இன்னிக்கு இனிமே வர வேணாம்.”

“சார், அந்த ஒயரு…” என்றேன்.

“மெஷின் ஓடுதில்ல?”

“ஓடுது சார்.”

“அப்புறம் என்னம்மா” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது போதவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தபோது அக்கா கைகழுவும் இடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. புதுப் பாவாடை கட்டிய மகளைக் கூட்டிக்கொண்டு அவள் கணவர் கீழே வந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. “ஏன்க்கா நீ போய் வாங்கிக் கட்டிக்கிட்டே? நான் சொல்லியிருப்பேன்ல? முப்பது பேர் எதிர்ல உன்னை என்ன பேச்சுப் பேசினாரு!”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்த மேனேஜர் எதிர்ல சார் தலை குனிஞ்சிருந்தா, நாளைக்கு வீம்புக்காவது லாரியக் கூப்பிட்டிருப்பாரு. இங்க திட்டு வாங்கினா நடந்து வூட்டுக்குப் போயிடலாம்டீ. திருமுடிவாக்கத்துலேர்ந்து எங்க நடக்கறது?”

பொட்டைச் சரியாக ஒட்டிக்கொண்டு, படியிறங்கி, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாள்.